தாழ்த்திய போலோவைப் பழைய உயரத்துக்கு ஏற்ற எந்த வழி தேறும்?

செகண்ட் ஹேண்டில் ஃபோக்ஸ்வாகன் போலோ தேடுகிறவர் கண்ணில், வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போட்ட வண்டி ஒன்றாவது படும். 2010-ல் இந்தியாவுக்கு வந்து 2022-ல் நிறுத்தப்பட்ட கார். அதை ஆசையாக வைத்திருந்தவர்கள் அதிகம், தாழ்த்திப் பார்த்தவர்களும் அதிகம். நின்றால் அம்சமாகத்தான் இருக்கும். வேகத்தடையில் அடிவயிறு உரசும்போது அந்த அழகு கசந்துவிடும். வேகத்தடைக்கு, சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் தெருக்களில் ராவோடு ராவாக முளைக்கும் மேடுகளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. சட்டமும் தாழ்த்தியவர் பக்கம் இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஏற்றிவிடுவது என்று முடிவானால் மெக்கானிக்குகள் பெரும்பாலும் நாலு வழி சொல்வார்கள்: ஸ்பிரிங் இடுக்கில் ரப்பர் பஃபர், ஸ்டிரட்டுக்கு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்கத் தூண்) மேல் ஸ்பேசர் என்னும் தடித்த வளையம், கழற்றிய பழைய ஒரிஜினல் பாகம், புத்தம் புது செட்.

ரப்பர் பஃபரை உடனே ஒதுக்கிவிடலாம். மலிவு, பத்து நிமிட வேலை. ஆனால் அது ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை அசையவிடாமல் பூட்டிவிடுகிறது. வேலை செய்யும் சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். ஆறு சுற்றில் ஒன்று போனால் 20 சதவீதம். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய வண்டி கட்டை வண்டி மாதிரி குதிப்பதும் இதனால்தான். ஏற்கெனவே விறைப்பான லோயரிங் ஸ்பிரிங்கில் பஃபரையும் திணித்தால் உயரம் கொஞ்சம் கிடைக்கும், இடுப்பு போய்விடும்.

ஸ்பேசர்தான் ஆளை ஏமாற்றும். 30 மில்லிமீட்டர் இறங்கிய வண்டிக்கு ஸ்டிரட்டின் தலையில் 30 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் டேப்பில் அளவு சரியாக வந்துவிடும். சைலன்சர் தட்டாது. ஆனால் ஸ்டிரட்டுக்குள் என்ன மாறியது? ஒன்றுமில்லை. லோயரிங் ஸ்பிரிங்கால் ஷாக்கின் ராடு எவ்வளவு உள்ளே அமுங்கி நின்றதோ, இப்போதும் அவ்வளவே அமுங்கி நிற்கிறது. குழியில் இறங்கினால் அதே சீக்கிரத்தில் பம்ப் ஸ்டாப் என்னும் தடுப்பில் போய் முட்டும். போதாததற்கு, சக்கரம் தொங்கும்போது கம்பெனி கணக்கு போட்டதைவிட 30 மில்லிமீட்டர் கீழே போகிறது. பிரேக் ஹோஸ் இழுபடும், ஆக்சில் ஜாயிண்ட் தாங்காத கோணத்துக்கு வளையும். வண்டி உயர்ந்துவிட்டது, ஓட்டம் உயரவில்லை.

காயிலோவர், அதாவது காலர் என்ற திருகு வளையத்தால் உயரத்தை மாற்றும் ஸ்பிரிங்-ஷாக் செட், போட்ட வண்டியிலும் கிட்டத்தட்ட இதே கதை. காலரைத் திருகினால் ஏறும். மேல் எல்லை வரை ஏற்றினாலும் பலதில் ஒரிஜினல் உயரம் வராது. மழைச் சேறு ஏறிய திரெட்டில் காலர் அசைவதே பெரிய விஷயம். ஏற ஏறச் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் சுருங்கும். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டால் ராடு அதன் கடைசி எல்லையைத் தொடுகிறது என்று பொருள்.

ஆக மிச்சமிருக்கும் நிஜப் போட்டி பழைய ஒரிஜினலுக்கும் புதுசுக்கும்தான். என் கணக்கு இது: ஸ்பிரிங்கைப் பழசில் வாங்கலாம், ஷாக்கை வாங்கக்கூடாது. ஸ்பிரிங் வெறும் உருக்குக் கம்பி. விரிசலும் துருவும் இல்லையென்றால் இன்னும் பல வருஷம் உழைக்கும். ஷாக்கின் உள்ளே எண்ணெய், சீல், வால்வு. வெளியே துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தால் உள்ளே என்ன நிலை என்று யாருக்குத் தெரியும்?

சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் மாதிரிப் பழைய பாகம் விற்கும் இடங்களில் ஸ்பிரிங் எடுக்கும்போது கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கிவிடாதீர்கள். இரண்டையும் தரையில் நிறுத்தி உயரம் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். கம்பி முடியும் கீழ்ச் சுற்றைத் திருப்பிப் பாருங்கள். அங்கேதான் மண் உரசிப் பெயிண்ட் போய் துரு அரிக்கும், உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். கம்பியில் உள்ள பெயிண்ட் அடையாளம் இரண்டிலும் ஒரே நிறமாக இருக்கவேண்டும், உங்கள் மாடலுக்கு உரியதாகவும் இருக்கவேண்டும். டீசல் இன்ஜின் கனம், அதன் முன் ஸ்பிரிங் வேறு. டீசல் ஸ்பிரிங்கைப் பெட்ரோல் வண்டியில் போட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

லோயரிங் ஸ்பிரிங்குக்குக் கீழே கம்பெனி ஷாக் அப்படியே இருந்தால், 'ஸ்பிரிங் மட்டும் போதும்' என்பார்கள். கொஞ்ச நாள் ஓடிய வண்டிக்கு அது சரி. வருஷக்கணக்கில் ஓடியிருந்தால் அந்த ஷாக் முடிந்த கதை. இப்போதே மாற்றாவிட்டால் முன் ஸ்டிரட்டைக் கழற்றும் கூலியை இன்னொரு தடவை கொடுப்பீர்கள். பம்ப் ஸ்டாப்பைப் பார்க்க மறக்காதீர்கள். தாழ்த்தும்போது அதைப் பாதியாக வெட்டியிருப்பார்கள், அந்தத் துண்டு ஒரிஜினல் ஸ்பிரிங்குக்கு உதவாது. ஸ்டிரட் மவுண்டும் பேரிங்கும் அதே கையோடு புதுசு.

பின்பக்கம் செலவு குறைவு. போலோவுக்குப் பின்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி, கழற்றுவதும் சுலபம். அங்கே பழைய ஸ்பிரிங், புது ஷாக் என்ற கலவைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கையில் காசு இருந்தால் முன்பக்கம் முழுக்கப் புதுசு போடுங்கள்.

மாட்டுகிற ஆள் முக்கியம். போலோவில் முன் ஸ்டிரட்டின் அடி, சக்கர ஹவுசிங்கின் பிளவுக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். அதை விரிக்கத் தனி டூல் உண்டு. உளியும் சுத்தியலும் எடுக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். உயரம் மாற்றும்போது லோயர் ஆர்ம், பின் ஆக்சில் இவற்றின் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி நாலு சக்கரத்தில் நின்ற பிறகே இறுதியாக முறுக்கவேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் ரப்பர் எந்நேரமும் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

உயரத்தைச் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து பாருங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் சைஸ் கணக்கைக் குழப்பும். கொஞ்சம் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்ததும் அலைன்மெண்ட் பாருங்கள், டோ (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் கோணம்) கட்டாயம் மாறியிருக்கும். ஹெட்லைட்டையும் சரிபாருங்கள். தாழ்ந்திருந்தபோது யாராவது அதைத் தூக்கி வைத்திருந்தால், இப்போது எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும்.