ஃபோல்ட்ஸ்கோப்: பவளப் பாசியை எனக்கு முதலில் காட்டிய காகித நுண்ணோக்கி

ஒரு தாளில் அச்சிட்டிருக்கும் பகுதிகளைப் பிரித்தெடுத்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் அது நுண்ணோக்கியாகிவிடும் என்று யாராவது சொன்னால், பள்ளிப் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள் என்றுதான் எண்ணத் தோன்றும். இளநிலை விலங்கியல் இரண்டாம் ஆண்டில், கல்லூரிப் பயிலரங்கு ஒன்றில் ஃபோல்ட்ஸ்கோப்பை என் கையில் கொடுத்தபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். இன்று பவளத்துக்கும் அதனுள் வாழும் பாசிக்கும் இடையிலான இணைவாழ்வைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். அந்தக் காகிதக் கருவி இன்னும் என் பையில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் பயன்படுத்திய ஒரு பொருளைப் பற்றி, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

மீரட்டில் பிறந்து, கான்பூர் ஐஐடியில் படித்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் நடத்தும் மனு பிரகாஷும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய கருவி இது. இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2014இல் வெளியானது. உதிரிப் பொருள்களின் அடக்க விலை ஒரு டாலருக்கும் குறைவு என்பதே அன்று எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. கருவியின் உயிர்நாடி கடுகளவுள்ள ஒரு கண்ணாடி உருண்டைதான். அந்த ஒற்றை வில்லை பொருளை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஏறத்தாழ 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். இரண்டு கட்டைவிரல்களாலும் தாளை அழுத்தித் தள்ளியும் இழுத்தும் காட்சியைத் தெளிவாக்க வேண்டும். முதல் முறை மடித்து முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று; அதற்கு என் அவசரமே காரணம், செய்முறைத் தாளில் குறை ஒன்றும் இல்லை.

வெங்காயத் தோல், குளத்து நீர், கொசுவின் இறக்கை என்று எல்லாரும் பார்ப்பவற்றைப் பார்த்து முடித்த பிறகு, அதை அலமாரியில் போட்டுவிட்டேன். அந்த ஆண்டு விடுமுறையில் சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய உப்புநீர்த் தொட்டியில், பம்பின் பின்புறம் பழுப்பு நிறத்தில், பூப்போலத் தோன்றும் விலங்குகளான சிறு கடல் சாமந்திகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. எயிப்டேசியா என்று அதற்குப் பெயர். தொட்டி வளர்ப்பவர்களுக்கு அது வெறும் களை; பிடுங்கினால் அடித்தட்டில் மிஞ்சும் துணுக்கிலிருந்து மறுபடியும் முளைக்கும். "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ, எடுக்க எடுக்க எனக்குப் புண்ணியம்" என்றார் மாமா. அதன் உணர்நீட்சியின் நுனியைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டி, தொட்டி நீரிலேயே ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பை வைத்து மெல்ல அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தேன்.

நிறமற்ற, கண்ணாடி போன்ற திசுவுக்குள் தேன் நிறத்தில் நூற்றுக்கணக்கான உருண்டைகள் தெரிந்தன. அழுத்தியதில் சில வெளியே சிதறி நீரில் மிதந்தன. உருண்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரே அளவு. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மட்டும் நடுவே கோடு விழுந்து இரட்டையாக இருந்தன. ஓரத்தில் மெல்லிய குச்சிகளைப் போல் கொட்டும் உறுப்புகள் கிடந்தன. ஒன்றிரண்டு தம் நூலை எய்துவிட்டிருந்தன. அந்தப் பழுப்பு நிறம் விலங்கினுடையது அன்று, அதற்குள் குடியிருக்கும் பாசியினுடையது என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக நான் படித்ததுதான். ஆனால் ஒரு விலங்கின் செல்லுக்குள் இன்னோர் உயிர் முழுதாக உட்கார்ந்து ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தபோது, அந்த வரியை நான் அதுவரை படிக்கவே இல்லை என்று தோன்றியது. அளவை உறுதிசெய்ய என் விரலில் ஊசியால் குத்தி, இரத்தச் சிவப்பணுக்களைப் பக்கத்து ஸ்லைடில் வைத்து ஒப்பிட்டேன். சிவப்பணு ஏறத்தாழ 7.5 மைக்ரான், பாசி அதைவிடச் சற்றே பெரிதாக இருந்தது. பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் நான் அளந்ததும் 8 முதல் 10 மைக்ரான் வரைதான்.

எயிப்டேசியா ஏன் முக்கியம் என்பதை அப்போது நான் அறியவில்லை. இந்தியாவில் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அனுமதியின்றி ஒரு துண்டைக்கூட எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. பவளத்தின் நெருங்கிய உறவான இந்தச் சாமந்தியோ அதே குடும்பத்துப் பாசிகளைத் தாங்குகிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்கிறது. பாசி இல்லாமலும், ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் உயிரியை ஊட்டினால், உயிரோடு இருக்கிறது. இணைவாழ்வை ஆராய்பவர்களுக்கு வேண்டியது இந்தக் கடைசிக் குணம்தான், ஏனெனில் பாசி உள்ள விலங்கையும் இல்லாத விலங்கையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். ஈஸ்ட் மரபியலில் பெயர்பெற்ற ஜான் பிரிங்கிள், அதே ஸ்டான்ஃபோர்டில், பிற்காலத்தில் இந்தக் களையைத்தான் பவள ஆய்வின் மாதிரி உயிரியாகக் கையில் எடுத்தார். பாசி தயாரிக்கும் உணவு விலங்குக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கு 1958இல் கதிரியக்கக் கார்பனைக்கொண்டு மஸ்கட்டின், ஹேண்ட் என்ற ஆய்வாளர்கள் நேரடிச் சான்று காட்டியதும் ஒரு கடல் சாமந்தியில்தான்.

இதையெல்லாம் படித்துக்கொண்டே, சில சாமந்திகளை ஒரு பிஸ்கட் டப்பாவால் மூடி இருட்டில் வளர்த்தேன். இரண்டு மாதத்தில் அவை வெளிறின. ஆனாலும் நுண்ணோக்கியில் பார்க்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு தேன்நிற உருண்டைகள் விடாமல் எஞ்சியிருந்தன. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. முதுநிலையில் கடல் உயிரியல் படிக்க வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டைக்குச் செல்வது என்று முடிவெடுத்தது அந்தக் கிண்ணங்களின் முன்னால்தான். கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ஊரில் பிறந்தவளுக்குக் கடல் படிப்பு எதற்கு என்று வீட்டில் எழுந்த கேள்விக்கும் அந்தக் காகித நுண்ணோக்கியைத்தான் அப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். விண்ணப்பக் கட்டணம் மறுநாள் வந்தது.

இனி, கருவி எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உருண்டை வில்லை என்பதால் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாக இருக்கும், ஓரம் மங்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் பவளப் பரப்பில் எத்தனை பாசிச் செல்கள் என்று கணக்கிடுவதே எங்கள் துறையின் அன்றாட வேலை. எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். அதற்குக் கட்டம் பொறித்த எண்ணு அறை வேண்டும். அந்தத் தடித்த கண்ணாடி இந்தத் தாளின் இடுக்கில் நுழையாது. இரட்டைச் செல்களின் விழுக்காட்டைக்கொண்டு பாசி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று மதிப்பிடலாம். பழக்கத்துக்காக அதை இதில் செய்து பார்க்கலாமே தவிர, வெளியிடத் தக்க எண்ணாகாது. பாசி எந்த இனம் என்பதையோ இது சொல்லாது. முன்பு ஒரே பேரினத்தின் கிளைகளாகக் கருதப்பட்டவற்றை 2018இல் பிரேவியோலம், கிளாடோகோப்பியம், டுருஸ்டினியம் எனத் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தார்கள், பெரும்பாலும் டி.என்.ஏ.வைக்கொண்டுதான் அவற்றை வேறுபடுத்த முடியும். 140 மடங்கில் எல்லாம் ஒரே தேன் உருண்டைதான்.

பவள வெளிறல் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கும் இதில் விடை தேடக் கூடாது. கோடையில் நீர் வழக்கமான உச்ச வெப்பத்தை ஒரு டிகிரி தாண்டிச் சில வாரங்கள் நீடித்தாலே, பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு சிதைந்து நச்சான ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. விலங்கு பாசியை இழந்து வெளுக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2016இல் அப்படி நேர்ந்தபோது உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து சுமார் 23 விழுக்காடாகச் சுருங்கியது. அந்தச் சிதைவை அளக்க ஒளிர்வுமானி வேண்டும். அதன் விலையில் ஒரு கார் வாங்கலாம்.

உப்புநீரில் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. தாள் ஈரத்தைத் தாங்கும், ஆனால் வில்லையின் மேல் காயும் உப்புப் படிகத்தைத் துணியால் துடைக்கவே கூடாது. நான் துடைத்தேன், காட்சியின் குறுக்கே ஒரு கீறல் நிரந்தரமாகிவிட்டது. நல்ல நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரைத்திருக்க வேண்டும். கைப்பேசிக் கேமராவின் மேல் காந்த வளையத்தால் பொருத்திப் பார்ப்பதே கண்ணுக்கும் கழுத்துக்கும் நல்லது. நேரே கண்ணில் வைத்துப் பார்ப்பதில் காட்சி துல்லியம் கூடினாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. தனியாகக் கருவி மட்டும் வாங்குவதைவிட ஸ்லைடுகளும் இடுக்கியும் விளக்கும் சேர்ந்த பெட்டியை வாங்குவது, கல்லூரி ஆய்வகத்தின் வசதி இல்லாதவர்களுக்கு ஏற்றது. ஆய்வு மாணவர்கள் இதையே நம்பி இருக்க முடியாது. இளநிலை மாணவர்களுக்கோ இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

சென்ற ஆண்டு மண்டபம் பக்கம் களப்பணிக்குப் போயிருந்தபோது, பவளத் திட்டுகளில் (அங்கே அவற்றைப் 'பார்' என்பார்கள்) மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியை எடுத்துக் கரையேறிய பெண்கள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஓரங்களை நகப்பூச்சால் அடைத்து வைத்திருந்த ஒரு ஸ்லைடைச் செருகி, வெயிலை நேராகப் பார்க்காமல் வானத்துப் பக்கம் திருப்பி, மூத்த அக்கா ஒருவரிடம் கொடுத்தேன். விரல்களில் துணி சுற்றிக் கட்டியிருந்ததால் தாளைத் தள்ளச் சிரமப்பட்டார்; துணியை அவிழ்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுவும் பாசியா, தங்கச்சி?"

"ஆமாக்கா, பாருல இருக்கிற பவளத்துக்கு உள்ள இருக்கிற பாசி."

"உள்ளயா?" என்று கருவியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார். "அப்ப நாங்க பாருல கால் வைக்கிறப்ப இது மேலயா வைக்கிறோம்?"

மற்றவர்கள் வரிசையில் நின்று பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. வில்லையில் இருக்கும் கீறல் என்னவென்று கேட்டவர்களிடம், அது என் தவறு என்று சொன்னேன்.