பிள்ளைகளுக்குக் காட்ட கூகுள் ஆர்ட்ஸா, ஃபெட்டா?

நொய்யல் கரைக் கொடுமணலில் அந்தக் காலத்திலேயே பெரில், குவார்ட்ஸ் என்ற கற்களில் கோக்கும் மணி செய்திருக்கிறார்கள். கோவைப் பக்கம் வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. இதைச் சொன்னதும் பிள்ளைகள் கேட்பது, "ரோம் எங்கீங்க இருக்குது?"

அதற்கு 2011-இல் வந்த கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் என்ற இணையதளம் சரி. பல நாட்டு அருங்காட்சியகங்கள் ஒரே இடத்தில். பழைய நகையின் படத்தைப் பெரிதாக்கினால் கீறல்கூடத் தெரியும். விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலம்தான், நல்ல நெட்டும் வேண்டும். பக்கத்தில் பெரியவர் உட்காராவிட்டால் பிள்ளை விளையாட்டுப் பக்கத்துக்குத் தாவிவிடும்!

ஃபெட் (PhET) என்பது திரையிலேயே அறிவியல் சோதனை செய்து பார்க்கும் இணையதளம், அதில் வரலாறு துளியும் கிடையாது. நோபல் பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஒளி விலகல் பாடத்தைத் திறந்து, காற்றிலிருந்து கண்ணாடிக்குள் ஒளிக்கற்றையை விடலாம். கோணத்தை மாற்ற மாற்ற அது வளைவதும் தெறிப்பதும் தெரியும். பட்டை தீட்டிய கல் ஏன் மின்னுகிறது என்பதற்கு அங்கேதான் பதில். பல பாடங்கள் தமிழில் உண்டு, இறக்கி வைத்தால் நெட் இல்லாமலும் ஓடும், காசு கேட்காது.

ஒன்றுதான் என்றால் என் ஓட்டு ஃபெட்டுக்கு. ரோமை நாமே கதையாகச் சொல்லிவிடலாம். ஒளியை வாயால் வளைக்க முடியாது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னிமலை பஸ் ஏறி, கொடுமணலுக்கே கூட்டிப் போங்கள்.