ஃபால்அவுட் 76: ஏழு வருடமாக நிரம்பியே கிடக்கும் பெட்டி

"ஃபால்அவுட் 76-க்குத் தள்ளுபடி போட்டிருக்கான்டா, வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டு மூன்று நாளாகிறது. ஃபால்அவுட் தொடரை பிரைம் வீடியோவில் பார்த்து முடித்த சூட்டில் கேட்கிறான். வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நேற்று ராத்திரி முக்கால் மணி நேரம் இந்த வீடியோ விளையாட்டில் நான் செய்த ஒரே காரியம், பெட்டியிலிருந்து சாமான்களை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்ததுதான். அந்தக் கடுப்போடு எழுதுகிறேன்.

பழைய கதை அவனுக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. ஃபால்அவுட் என்றால் 1997-லிருந்து ஒற்றை ஆளாகப் பாழ்நிலத்தில் அலைவது. அதை இணையத்தில் கூட்டமாக ஆடும் கிளை விளையாட்டாக மாற்றுகிறோம், உள்ளே பார்க்கும் ஒவ்வொரு மனிதனும் நிஜ ஆட்டக்காரன்தான் என்று இதைத் தயாரித்த பெதஸ்டாவின் டாட் ஹோவர்ட் 2018-ல் மேடையேறிச் சொன்னபோதே பாதி ரசிகர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. நவம்பர் 14 அன்று வெளிவந்ததும் மீதிப் பாதிக்கும். பேச ஆளில்லை, பணி கொடுப்பதெல்லாம் ரோபோவும் ஒலிநாடாவும். போதாக்குறைக்குப் பிழைகள். அப்புறம் அந்தப் பை! 200 டாலர் பதிப்போடு கேன்வாஸ் பை தருவதாக விளம்பரம் செய்துவிட்டு நைலான் பையை அனுப்பினார்கள். கேட்டவர்களுக்கு 'ஆட்டம்' (Atom) என்ற விளையாட்டுக் காசில் 500 ஈடு. விளையாட்டுக் கடையில் அதன் மதிப்பு 5 டாலர். ரசிகர்கள் கொதித்த பிறகுதான் நிஜக் கேன்வாஸ் பை தருவதாக இறங்கி வந்தார்கள். விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் 50-ஐ ஒட்டி நின்றது. ஒரு மாதம் முடிவதற்குள் விலையும் சரிந்தது. நானே அந்தச் சரிவில் வாங்கியவன்தான்.

ஒன்று சொல்லியாக வேண்டும், திட்டுகிறவர்கள் திட்டட்டும்: மனிதர்கள் இல்லாத அந்த முதல் வடிவம் எனக்குப் பிடித்திருந்தது. கதை நடப்பது 2102-ல், அணுகுண்டு விழுந்து 25 ஆண்டு கழித்து, மேற்கு வர்ஜீனியாவில். ஃபிளாட்வுட்ஸ் ஊருக்குள் நுழைகிறோம். மக்களுக்கு உதவ வந்த ரெஸ்பாண்டர்கள் கட்டிய முகாம் அப்படியே இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை. அவர்களின் குரலை நாடாவில் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் அந்தக் குரலுக்கு உரிய எலும்புக்கூட்டிடம் போய் நிற்போம். 2020 ஏப்ரலில் வேஸ்ட்லேண்டர்ஸ் என்ற புதுப்பிப்பு வந்து ஊரை மனிதர்களால் நிரப்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். விளையாட்டு பிழைத்ததும் அதனால்தான். எனக்கோ, எழவு வீட்டில் திடீரென்று ரேடியோ போட்டது மாதிரி இருந்தது. சரி, அது என் பிரச்சினை.

பெட்டிக்கு வருகிறேன். ஒவ்வொருவரும் கட்டிக்கொள்ளும் முகாமில் சாமான் வைக்கிற ஸ்டாஷ் பெட்டிக்கு எடை வரம்பு உண்டு. வந்தபோது 400 பவுண்டு. அடுத்த மாதமே 600, அப்புறம் 800, 2020 கடைசியில் 1200. கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டு நம்மை எப்படி வளர்க்கிறது என்று பாருங்கள். மேஜை மின்விசிறியைப் பார்த்தால் அதில் ஸ்க்ரூ இருக்கிறது, எடு. டேப் சுருளா, ஒட்டுப்பசை கிடைக்கும், எடு. ஸ்க்ரூ இல்லாமல் துப்பாக்கியைச் சீர்செய்ய முடியாது, ஈயம் இல்லாமல் தோட்டா செய்ய முடியாது. பத்தே மணி நேரத்தில் நம்மைக் காயலான் கடைக்காரனாக்கிவிட்டு, அப்புறம் கடைக்கு இடமில்லை என்கிறது. நம் முகாமில் விற்பனை இயந்திரம் வைத்து மற்றவர்களுக்கு விற்கலாம், ஆனால் விற்காத சரக்கின் எடையும் அதே பெட்டிக் கணக்கில்தான் சேரும். ரோபோ கடைக்காரர்களிடம் தள்ளலாம் என்றால் அவர்களிடம் ஒரு நாளைக்கு 1400 கேப்ஸ்தான் (பாட்டில் மூடிதான் இங்கே காசு) தேறும். கையில் சுமை கூடினாலோ, நினைத்த இடத்துக்கு நொடியில் தாவும் வேகப் பயணம் கிடையாது. வாட்டோகா நகரத்திலிருந்து வீடுவரை ஒரு மூட்டை இரும்போடு நடந்தே வந்திருக்கிறேன். ஓடினால் மூச்சு வாங்கும். வழியில் ஒரு பல்லிப் பேய் துரத்தியபோதும் அந்த மூட்டையைக் கீழே போட மனசு வரவில்லை.

பெட்டியைப் பெரிதாக்கினால் சர்வர் தாங்காது என்பதுதான் ஆரம்பத்தில் சொன்ன காரணம். நம்பினோம். 2019 அக்டோபரில் ஃபால்அவுட் ஃபர்ஸ்ட் என்று சந்தா கொண்டுவந்தார்கள். மாதம் 12.99 டாலர், வருடத்துக்கு 99.99. கட்டினால் எவ்வளவு ஜங்க், அதாவது காயலான் சாமான், போட்டாலும் கொள்ளும் தனிப் பெட்டி. அப்படியானால் காசு கட்டியவன் சரக்கை மட்டும் சர்வர் எப்படித் தாங்குகிறது? ரசிகர்கள் பொங்கியது நியாயமே. அந்தப் புதுப் பெட்டியில் போட்ட ஜங்க் சிலருக்கு முதல் நாட்களில் காணாமலும் போனது. நைலான் பையைக்கூட மன்னித்துவிடுவேன், அது ஏமாந்த ஒரு நாள் கோபம். இது தினம் தினம் நமைச்சல். தலைவலியைக் கொடுத்துவிட்டு மாத்திரையையும் அவனே விற்கிற வியாபாரம்.

ஒரே ஒரு மாதம் நானும் கட்டினேன். இருந்த இரும்பையெல்லாம் அந்தப் பெட்டியில் கொட்டிவிட்டுச் சந்தாவை நிறுத்தினேன். நிறுத்தினால் உள்ளே இருப்பதை எடுக்கலாம், புதிதாகப் போட முடியாது. பரணிலிருந்து இறக்கலாம், ஏற்றத்தான் கூடாது என்கிற கதை. அந்த ஸ்க்ரூவையும் ஈயத்தையும் இன்னும் எடுத்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு எரிச்சலோடு ஏன் ஏழு வருடம்? முதல் வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது என் லெவல் ஐந்தோ ஆறோ. பவர் ஆர்மர் என்கிற கனத்த கவசம் போட்ட ஒருவன், 150-க்கு மேல் இருக்கும் அவன் லெவல், நேராக என்னைப் பார்த்து வந்தான். இணைய விளையாட்டில் பெரிய ஆள் சின்ன ஆளை நோக்கி வந்தால் எதற்கு என்று தெரியுமே. கழிப்பறைக்குள் ஒளிந்தேன். கதவுக்கு வெளியே ஒரு காகிதப் பையைப் போட்டான், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், போய்விட்டான். பையில் ஸ்டிம்பேக் மருந்து, சுத்தமான தண்ணீர், என் லெவலுக்கு ஏற்ற ஒரு துப்பாக்கி. ஒரு வார்த்தை பேசவில்லை.

அது அவன் ஒருவனோடு நின்றுவிடவில்லை. இந்த விளையாட்டின் வழக்கமே அதுதான். 2024 ஏப்ரலில் தொடர் வந்தபோது ஒரே நாளில் பத்து லட்சம் பேர் ஆடினார்கள். ஆட்டம் தொடங்கும் நிலவறையான வால்ட் 76-லிருந்து புதியவர்கள் சாரைசாரையாக இறங்க, பழைய ஆட்கள் வாசலிலேயே பைகளோடு நின்றோம். 'ஃபால்அவுட்டையே கெடுத்துவிட்டார்கள்' என்று 2018-ல் கத்திய அதே ரசிகர் கூட்டம்தான், கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற மாதிரி மருந்தும் தோட்டாவும் கொடுத்துக்கொண்டிருந்தது. தமாஷ் என்னவென்றால், நானும் 150-ஐத் தாண்டிய பிறகுதான் அந்த முதல் பையின் ரகசியம் விளங்கியது. தர்மம் பாதி, பெட்டி நிரம்பிப்போனது பாதி. விற்க முடியாது, வைக்க இடமில்லை, தூக்கி எறிய மனசில்லை. அப்போது எதிரே லெவல் ஐந்தில் ஒரு பிள்ளை வந்தால் தெய்வமே வந்த மாதிரி. நான் திட்டுகிற அந்த வரம்பு இல்லாவிட்டால் இந்தத் தாராளம் இருக்குமா என்றுகூடச் சில சமயம் யோசிப்பேன். அதற்காக வரம்பு நல்லது என்று சொல்லிவிட மாட்டேன்.

மற்றதெல்லாம் இப்போது நன்றாகவே இருக்கிறது. வரைபடம் 2024-ல் தெற்கே விரிந்தது, 2025 டிசம்பரில் ஒஹாயோ பக்கமும். மீன்கூடப் பிடிக்கலாம். நியூ ரிவர் பள்ளத்தாக்குப் பாலத்தின் மேல் நின்று காலை வெயிலைப் பார்ப்பதற்காகவே சில நாள் உள்ளே போகிறேன். எனக்குத் தெரிந்து இவ்வளவு மரியாதையான ஆட்டக்காரர்கள் வேறு எந்த இணைய விளையாட்டிலும் இல்லை.

ஆனால் வாங்காதே. இன்றைக்குக் கேட்டால் என் பதில் அதுதான். 1187 பவுண்டில் நிற்கிற பெட்டியை வைத்துக்கொண்டு இன்னொருவனை இதில் இழுத்துவிட என்னால் முடியாது.

அதையும் மீறி வாங்கித் தொலைத்தால் முன்கூட்டியே சொல்லு. வால்ட் வாசலிலேயே நிற்கிறேன். மூன்று ஷாட்கன், ஒரு மூட்டை ஸ்டீல், வெந்த அணில் இறைச்சி என்று எல்லாம் உனக்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.