மின்தடையா, டெக்ஸ்ட்ரானா? கணையச் செல்களின் கசிவைச் சோதிக்க எது?

கணையக் குழாய்ச் செல்களை வளர்ப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வரும்: செல்களுக்கு இடையிலான இறுக்கச் சந்திகள் சரியாக அடைத்திருக்கின்றனவா? செல் அடுக்கின் குறுக்கே மின்தடையை அளக்கலாம். ஆய்வகத்தில் இதை டீர் (TEER) என்போம். இல்லாவிட்டால் அடியில் நுண்துளைச் சவ்வுள்ள கிண்ணத்தில் வளர்ந்த செல் அடுக்கின் மேலே ஒளிரும் டெக்ஸ்ட்ரானை, அதாவது சாயம் கோத்த நீளமான சர்க்கரைச் சங்கிலியை, ஊற்றி, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். கேப்பன்-1 என்ற மனிதக் கணையப் புற்றுச் செல்களில் இரண்டையும் செய்துவிட்டு டெக்ஸ்ட்ரான் பக்கம் வந்தவன் நான்.

டீர் சில நொடி வேலை. செல்கள் சாகாது, நாளைக்கும் அதே கிண்ணத்தை அளக்கலாம். இன்குபேட்டரை விட்டு வெளியே எடுத்ததும் சூடு ஆற ஆற எண் ஏறும் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

ஆனால் மின்தடை சொல்வது அயனிகளின் கதை. சந்தியில் உள்ள கிளாடின்-2 புரதம் சோடியத்துக்கு வழிவிடும். எம்டிசிகே என்ற நாய்ச் சிறுநீரகச் செல்களில், தடை அதிகமான வகைக்குள் ஃபுருசே குழுவினர் 2001இல் கிளாடின்-2ஐப் புகுத்தியதும் தடை மளமளவென்று சரிந்தது. அடைப்பு கிழியவில்லை, சின்ன ஓட்டைகள்தான் கூடின. கணையக் குழாயிலோ சோடியம் செல்களுக்கு நடுவே போவது அன்றாட வேலை: செல் பைகார்பனேட்டைக் குழாய்க்குள் தள்ளும், சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே வரும். அப்படியிருக்க, தடை குறைந்ததைப் பார்த்து ‘சந்தி உடைந்தது’ என்று எப்படி எழுதுவது?

கணையத்தில் பயப்பட வேண்டியது நொதிகள் வெளியே கசிவதற்குத்தான். அவற்றில் ஒன்றின் முன்வடிவமான டிரிப்சினோஜன் சுமார் 24,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). அந்த அளவுப் பொருள் நுழைகிறதா என்பதை டெக்ஸ்ட்ரான் நேரடியாகச் சொல்லும். எடையை அப்படியே பொருத்திவிடாதீர்கள். டெக்ஸ்ட்ரான் தளர்ந்த நூல், அதே எடைப் புரதத்தைவிடப் பருமன் அதிகம். அதனால் 20,000 அல்ல, 10,000 டால்டன் டெக்ஸ்ட்ரானே பொருத்தம். 4,000 கையிருப்பில் இருந்தால் அதையும் சேர்த்து ஓட்டுங்கள்.

தொல்லையும் உண்டு. பழைய டெக்ஸ்ட்ரானில் சாயம் கழன்று தனியாக மிதக்கும், அது சுலபமாக இறங்கிவிடும். எனக்கு ஒரு வாரம் எல்லாக் கிண்ணமும் கசிந்தது, செல்கள்மேல்தான் பழி போட்டேன். புதுப் பொட்டலம் பிரித்ததும் சரியானது.

இப்போது தினமும் டீர், எண் நிலைத்த பிறகு கடைசி நாளில் டெக்ஸ்ட்ரான். நொதி சுரக்கும் அசினார் செல்களில் நான் இதை முயன்றதில்லை. அவை தட்டையாக விரிந்து வளர்வது அபூர்வம் என்பதால் அங்கே இரண்டுமே சிக்கலாக இருக்கலாம்.