ஆதரவு முடிந்த பின் விண்டோஸ் 10: ஒரு பயனரின் மதிப்பீடு

திருகோணமலை உவர்மலையில், பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய எங்கள் மடிக்கணினியின் விசைகள் தேய்ந்துவிட்டாலும், ஏழாம் தலைமுறை இன்டெல் செயலியில் விண்டோஸ் 10 இன்றும் நன்றாகவே இயங்குகிறது. 2025 ஒக்டோபர் 14 அன்று அதற்கான ஆதரவு முடிந்த மறுநாளும் தமிழ்த் தட்டச்சும் அச்சுப்பொறியும் வழமைபோலவே வேலை செய்தன. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் திருத்தமின்றித் திறந்தே கிடக்கும் என்பது எனக்கு உண்மையாகவே கவலை தந்தது. ஆகவே 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வழங்கும் நீடிப்புத் திட்டத்தில், கணினியின் அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்குடன் ஒத்திசைத்து, பணம் செலுத்தாமலே இணைந்தேன். எங்கள் பழைய செயலி விண்டோஸ் 11 க்குத் தகுதி பெறாது; அந்தத் தகுதிச் சோதனையைத் தவிர்த்து அதை ஏற்றித் தருவதாக நகரிலுள்ள கடையொன்றில் சொன்னார்கள். அப்படி ஏற்றிய கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதி இல்லாததால் மறுத்துவிட்டேன். வங்கி அலுவல்களை மட்டும் கைபேசிக்கு மாற்றியிருக்கிறோம்.