ரயிலைக் கேட்பதா, பஸ்ஸைக் கேட்பதா?

வேல்ஸின் அபெரிஸ்ட்வித்திலிருந்து கார்மார்தனுக்கு ஓடிய நேர் ரயில் 1965-இலேயே நின்றுபோனது. இன்று ரயிலில்தான் போவேன் என்று அடம்பிடித்தால், இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரிக்குப் போய் மறுபடி வேல்ஸுக்குள் இறங்கி வரவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

அந்தப் பகுதியின் செனெத் (வேல்ஸ் சட்டமன்றம்) உறுப்பினர் தலைநகர் கார்டிஃபில் எழுந்து எதைக் கேட்பார்? பழைய பாதையை மீண்டும் போடச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் 2018-ஆம் ஆண்டின் ஆய்வு அதற்குச் சொன்ன தொகை 77.5 கோடி பவுண்டு வரை.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓடும் டி1 பஸ் பற்றிய கேள்வியில் பகட்டில்லை. மின்சார வண்டிதான், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து போகும். இருந்தாலும், கார்மார்தனில் டாக்டரைப் பார்க்கவேண்டிய மூதாட்டி நிழற்குடையில் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதற்காகத்தான். நானாக இருந்தால், திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்பேன். ரயிலைத் தேர்தல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.