சி.டி. எடுக்காமல் பித்தநாளத்தில் ஸ்டென்ட்: எங்களிடம் சொல்லாமல் விட்டவை

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகத்தோடும் மஞ்சள் காமாலையோடும் மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் நேர்ந்ததைச் சட்டப்படி கவனக்குறைவு என்று நிறுவ முடியுமா என்பது வேறு விஷயம். கையெழுத்து வாங்குவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டியவற்றை எங்களிடம் சொல்லாமல் விட்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

அவருக்கு வயிற்றுவலியோ காய்ச்சலோ இல்லை. கண் மஞ்சளாகி, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போய், மலம் வெளுத்து, இரவெல்லாம் உடம்பு அரித்தது. இரத்தப் பரிசோதனையில் காமாலையின் அளவைக் காட்டும் மஞ்சள் நிறமியான பிலிருபின் 9 மில்லிகிராம் அளவில் இருந்தது. வயிற்று ஸ்கேனில் பித்தநாளம் விரிந்திருப்பதும் கணையத் தலையில் ஏதோ தடிப்பு இருப்பதும் தெரிந்தன. அன்று மாலையே குடல்நோய் மருத்துவர் எங்களை அழைத்து, மஞ்சள் இறங்காமல் எந்த அறுவை மருத்துவரும் கை வைக்கமாட்டார் என்றும், உடனே எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் (பித்தநாள அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைக்காவிட்டால் கல்லீரல் கெட்டுவிடும் என்றும் சொன்னார். சி.டி. ஸ்கேன் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார். நாங்கள் கையெழுத்திட்டோம், இரவே ஈ.ஆர்.சி.பி. எனப்படும், எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்துக்குள் செல்லும் அந்தச் சிகிச்சை முடிந்தது.

மறுநாள் முதுகுவரை பரவிய கடும் வலியோடு அவருக்குக் கணைய அழற்சி வந்தது. ஈ.ஆர்.சி.பி.க்குப் பின் வரக்கூடிய சிக்கல்களில் அதுவே முக்கியமானது என்று அதன் பிறகுதான் சொன்னார்கள். அது அடங்கி வீடு திரும்பிய சில வாரங்களில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. ஸ்டென்ட் அடைத்து, பித்தநாளத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டிருந்தது. மீண்டும் அனுமதி, மீண்டும் ஈ.ஆர்.சி.பி., மீண்டும் பணம். கட்டியைக் கணையத் தலையோடு அகற்றும் விப்பிள் அறுவைச் சிகிச்சையை அந்த மருத்துவமனையில் செய்வதே இல்லை என்ற செய்தி இரண்டாவது டிஸ்சார்ஜின்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அதற்குப் பின் சென்னையில் நாங்கள் பார்த்த கணைய அறுவை மருத்துவர் முதலில் கேட்டது, ஸ்டென்ட் வைப்பதற்கு முன் எடுத்த சி.டி. எங்கே என்பதைத்தான். கட்டி குடலுக்குச் செல்லும் பெரிய தமனியையும், கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையையும் தொட்டிருக்கிறதா, சூழ்ந்திருக்கிறதா என்பதை வைத்தே அதை எடுக்க முடியுமா என்று முடிவெடுக்கிறார்கள். ஈ.ஆர்.சி.பி.க்குப் பின் கணையம் வீங்கிவிட்டால், எது கட்டி, எது வீக்கம் என்று படத்தில் பிரித்தறிவது கடினமாகிவிடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. வீக்கம் வடியும்வரை காத்திருந்து மறுபடியும் படம் எடுக்க வேண்டியிருந்தது.

மஞ்சளை இறக்கிய பிறகே அறுவைச் சிகிச்சை என்ற எண்ணம் பழையது. ஆலன் விப்பிள் 1935இல் வெளியிட்ட முறையே இரண்டு கட்டமாக, முதலில் பித்தத்தைத் திருப்பிவிட்டுப் பிறகு கட்டியை அகற்றுவதாக இருந்தது. ஆனால் நெதர்லாந்தில் 202 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. பிலிருபின் ஏறக்குறைய 2.3 முதல் 14.6 மில்லிகிராம் வரை இருந்தவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஒரு வாரத்துக்குள் நேரடியாக அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மற்றவர்களுக்கு ஸ்டென்ட் வைத்து 4 முதல் 6 வாரம் கழித்துச் செய்தார்கள். கடுமையான சிக்கல்கள் முதல் பிரிவில் 39 சதவீதத்தினருக்கும், இரண்டாம் பிரிவில் 74 சதவீதத்தினருக்கும் வந்தன. சித்தப்பாவின் 9 அந்த வரம்புக்குள் அடங்கிய எண்தான். முதல் நாளே அறுவை மருத்துவரைக் கேட்டிருந்தால், நேராகத் தேதி கொடுப்பதைப் பற்றிப் பேசியிருப்பார்.

ஸ்டென்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. பித்தநாளத்தில் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சலோடு வருபவருக்கு அது உயிர்காக்கும் அவசரச் சிகிச்சை. அங்கே தாமதிக்கக் கூடாது. பிலிருபின் மிக அதிகமாக இருந்தாலோ, அறுவைக்கு முன் கீமோ கொடுக்கத் தீர்மானித்தாலோ, அறுவைத் தேதி கிடைக்கப் பல வாரங்கள் ஆகுமென்றாலோ அது தேவைதான். நம் ஊர்களில் இந்தக் கடைசிக் காரணம் அடிக்கடி உண்மையாகவே இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படித் தேவைப்படும்போது எந்த வகை ஸ்டென்ட் என்ற கேள்வி எழுகிறது. இதைத்தான் எங்களிடம் முற்றிலும் மறைத்தார்கள் என்பேன்.

பிளாஸ்டிக் ஸ்டென்டின் குறுக்களவு பொதுவாகச் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். விரியும் உலோக ஸ்டென்ட் 10 மில்லிமீட்டர் வரை திறக்கும், எளிதில் அடைக்காது. முன்சொன்ன ஆய்வில் பயன்பட்டது பிளாஸ்டிக். அதே நெதர்லாந்துக் குழுவினர் பின்னர் உலோக ஸ்டென்ட் வைத்தவர்களோடு ஒப்பிட்டபோது, ஸ்டென்ட் தொடர்பான சிக்கல்கள் 46 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் குறைந்திருந்தன. அறுவைக்கு முன் வடிகால் தேவையென்றால் 10 மில்லிமீட்டர் உலோக ஸ்டென்டையே ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. உலோகம் பல மடங்கு விலை என்பது உண்மை. ஆனால் அடைத்துப்போய் இரண்டாம் முறை செய்த செலவையும் சேர்த்தால் எங்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. தேர்வு எங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். எங்கள் பில்லில் 'ஸ்டென்ட் மற்றும் உபகரணங்கள்' என்று ஒரே வரியில் தொகை இருந்தது. வகையோ அளவோ இல்லை. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் என்பதையே சென்னை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம்.

ஆகவே, காய்ச்சல் இல்லாத நிலையில் இன்றிரவே ஸ்டென்ட் என்று அவசரப்படுத்தினால், கணையத்துக்கான சி.டி. முடிந்துவிட்டதா, விப்பிள் செய்யும் அறுவை மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்தாரா, வைக்கப்போவது எந்த வகை என்று கேளுங்கள். பித்தநாளத்தில் அடைப்பு இருக்கும்போது, கணையப் புற்றுநோய்க்காக இரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 19-9 அளவு புற்றுநோய் இல்லாமலேயே உயரக்கூடும். அந்த எண்ணைக் காட்டி அவசரப்படுத்தினாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். ஸ்டென்ட் உறையில் வரும் ஸ்டிக்கரின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. நாங்கள் எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகையும் வாங்கினோம். கெடு முடிந்து வெகுநாள் கழித்து வந்த ஆவணக் கட்டுக்குள் முதல் ஈ.ஆர்.சி.பி.யின் குறிப்பு இருந்தது. ஸ்டென்டின் வகையை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்தை இணைத்தே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்துவருகிறோம்.